அக்காவின் கடைப் பெட்டி: விண்டோஸ் 7-ஐ என்ன செய்தோம்

நேற்றுப் பின்னேரம் நாலரை மணிக்கு அக்காவின் கடைப் பிரிண்டரில் இருந்து ஒரு 31ஆம் நாள் நினைவு அட்டை வெளியே வந்தது. சரியான அளவு, சரியான எழுத்து, ஓரம் வெட்டுப்படவில்லை. அந்த ஒரு தாளுக்காக மூன்று கிழமை இரவு இரவாக வேலை செய்திருக்கிறேன். சூட்டோடு சூடாக எழுதி வைத்துவிடுகிறேன். அக்காவின் விண்டோஸ் 7 கம்பியூட்டர் பெட்டியின் வயதுள்ள பெட்டிகள் மட்டக்களப்பில் இருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எத்தனையோ கடைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. "அப்கிரேட் பண்ணுவோமா, விடுவோமா" என்று யோசிப்பவர்களுக்கு உதவும்.

அக்காவின் கடை களுவாஞ்சிகுடியில் பிரதான வீதியோரம். போட்டோக்கொப்பி, டைப்பிங், லெமினேட்டிங். நீதிமன்றத்துக்கு வருபவர், பிரதேச செயலகத்துக்கு வருபவர், ஆஸ்பத்திரிக்கு வருபவர் என்று எல்லாருக்கும் ஒரு கடிதமோ ஒரு கொப்பியோ தேவைப்படும். வைகாசி பிறந்தால் கண்ணகை அம்மன் குளிர்த்தி நோட்டீஸ். தவணைப் பரீட்சைக் காலத்தில் வினாத்தாள். நடுநடுவே நினைவு அட்டைகள். எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பாதி பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாதி வேர்டில்.

பெட்டி 2012இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3 2100, எச்61 போர்ட், 2 ஜீபி ராம், 500 ஜீபி ஹார்ட் டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 7. பட்டனை அமத்தியதில் இருந்து டெஸ்க்டொப் வர 4 நிமிடம் 50 செக்கன். பிரவுசர் திறக்க இன்னும் 1 நிமிடம் 40 செக்கன். ஃபோனில் ஸ்டொப்வோட்ச் வைத்துத்தான் பார்த்தேன்.

அக்காவுக்கு அது ஒரு குறையே இல்லை. "நான் பெட்டியப் போட்டுட்டுப் போய் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டு வாறன் தம்பி. அது பழகிட்டு. இந்த வட்ஸ்அப்தான் என்னக் கொல்லுது" என்றார். இப்போது யாரும் பென் ட்ரைவ் கொண்டு வருவதில்லை. கடை வாசலில் நின்றுகொண்டே வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "அக்கா, ரெண்டு கொப்பி" என்கிறார்கள். அது பெட்டியில் திறக்கவில்லை என்றால் கடையில் வேலை இல்லை. விண்டோஸ் 7-க்குக் கிடைத்த கடைசிக் குரோம் 109. 2023 பெப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 வேண்டும். பயர்பொக்ஸ் 115இன் நீட்டித்த பதிப்பைப் போட்டுக் கொஞ்சக் காலம் ஓட்டினோம். பிறகு அதிலும் ஒவ்வொரு பக்கமாகத் திறக்க மறுத்தது.

முதலில் எடுத்த வழி பிழை. விண்டோஸ் 7-இன் மேலேயே விண்டோஸ் 10-ஐ ஏற்றினேன். அப்படி ஏற்றினால் புரோகிராம்கள் எல்லாம் அப்படியே இருக்கும், அக்காவுக்கும் பழகிய முகம் என்று நினைத்தேன். இரண்டு விஷயத்தை யோசிக்காமல் விட்டேன். ஒன்று, பழைய விண்டோஸ் 7 சாவியை வைத்து 10-ஐ இலவசமாக உயிர்ப்பிக்கும் வழியை 2023 செப்டெம்பரில் மூடிவிட்டார்கள். இரண்டு, 10-க்கே 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு இலவச ஆதரவு முடிந்தது. 3 மணி 20 நிமிடம் ஓடி ஏறியது. ஏறிய பிறகு டாஸ்க் மனேஜரில் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது, இறங்கவே இல்லை. 2 ஜீபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் அதற்குக் காணாது. வேர்டைத் திறக்க ஒரு நிமிடம்.

10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம் என்ற வசதி அதிலேயே இருக்கிறது. அதைத் தொடக்கிவிட்டு உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிடம் கத்திவிட்டு நின்றது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, ஒருவரும் பார்த்ததில்லை. கரண்ட் வந்து பெட்டி மறுபடி தானாகத் தொடங்கி, விட்ட இடத்தில் இருந்து பழைய விண்டோஸ் 7-க்கு வந்து சேரும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. அந்த டிஸ்க்கில் 13 வருடக் கடை வேலை இருக்கிறது. வேறெங்கும் கொப்பி இல்லை. தொடுவதற்கு முன்னம் அதை எடுத்து வைக்காதது முழுக்க என் பிழை.

அடுத்த நாள் ஒரு நண்பனிடம் 1 டெராபைட் வெளி டிஸ்க் இரவல் வாங்கி, குளோன்சில்லா என்ற டிஸ்க் கொப்பி மென்பொருள் போட்ட பென் ட்ரைவில் பெட்டியைத் தொடக்கி முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு படமாக, அதாவது முழுக் கொப்பியாக எடுத்தேன். 2 மணி 5 நிமிடம். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலையும் பார்த்தேன். 5ஆம் எண் வரிசை, அதாவது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்களின் தொகை, 16. இப்போதைக்கு ஓடும், ஆனால் நம்பிக்கொண்டிருக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். களுவாஞ்சிகுடிக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. திருகுகள் எல்லாம் துருப்பிடித்துப் போயிருந்தன. இரண்டைத் துளி எண்ணெய் விட்டு அரை மணி ஊற வைத்துத்தான் திருப்ப முடிந்தது. ராமின் தங்க நிறப் பற்களில் பச்சையாக ஒரு படலம். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தேன். பிரொசஸர் காற்றாடிக்கும் இரும்புச் சிறகுக்கும் நடுவில் தூசி துணி மாதிரிப் படிந்திருந்தது, விரலால் பிடித்து ஒரே துண்டாக இழுத்தெடுத்தேன். பிரொசஸரின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. புதிது பூசியதும் வெப்பம் 78 பாகையில் இருந்து 54-க்கு வந்தது.

போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்தால் 2.1 வோல்ட். புதியது 3.2 காட்டியது. அப்போதுதான் அக்கா சாதாரணமாகச் சொன்னார்: "ஓம், ஒவ்வொரு நாளும் காலையில நான்தான் திகதிய மாத்திறன். சில நாள் மறந்திருவன்." பெட்டி ஒவ்வொரு காலையும் 2011 ஜனவரி 1 என்று எழும்பியிருக்கிறது. திகதி பிழையாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கும் எந்தத் தளமும் திறக்காது. சான்றிதழே இன்னும் பிறக்கவில்லை என்று பிரவுசர் நினைத்துக்கொள்ளும். அக்காவை "கொன்ற" நாட்களில் பாதி, 150 ரூபாய் பேட்டரியால் வந்தது. யாராவது என்னிடம் பழைய பெட்டியில் இணையம் வேலை செய்யவில்லை என்றால் இனி நான் முதலில் கேட்பது கடிகாரத்தைத்தான்.

பேட்டரி மாற்றிய பிறகு பல தளங்கள் திரும்பி வந்தன. வட்ஸ்அப் வரவில்லை. ஆகவே மாற்றம் தேவைதான். விண்டோஸ் 11 இந்தப் பெட்டிக்கு இல்லை. அது இன்டெல் பிரொசஸரில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையில் இருந்துதான் ஏற்றுக்கொள்கிறது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் கேட்கிறது. இது இரண்டாம் தலைமுறை. தடையைத் தாண்டி ஏற்றும் வித்தைகள் உண்டு. ஆனால் நாளைக்கு ஒரு அப்டேட்டில் நின்றுபோனால் கடையை மூடிவிட்டு என்னைத்தான் தேடுவார்கள், நான் மட்டக்களப்பில் வேலையில் இருப்பேன். கல்முனையில் எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டி ஒன்றுக்கு விலை கேட்டேன். 60,000-க்கு மேல் சொன்னார்கள். கடை அதைத் தாங்காது.

கடைசியில் எடுத்த முடிவு இதுதான். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் 7-ஐத் தொடாமல் விட்டுவிடுவது. பக்கத்தில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) போட்டு அதில் விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஈ என்ற இலேசான முகப்போடு. 2029 வரை அப்டேட் வரும், காசு இல்லை.

கல்முனைக்கு பஸ் ஏறி 240 ஜீபி எஸ்எஸ்டி 7,400 ரூபாய்க்கும், பாவித்த 4 ஜீபி டிடிஆர்3 ராம் இரண்டு 1,800 வீதமும் வாங்கினேன். சாட்டா கேபிள் 350, பழைய பவர் சப்ளைக்கு ஒரு மாற்றி இணைப்பு 300, பேஸ்ட் 350. ராம் இரண்டையும் செருகிப் போட்டதும் பெட்டி எழும்பியது. ஆனால் அப்படியே நம்பாமல் இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டது நல்லதாய்ப் போயிற்று. விடியப் பார்த்தால் மூன்றாம் சுற்றில் சிவப்பு வரிகள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எது கெட்டது என்று கண்டுபிடித்து, கொண்டுபோய் மாற்றினேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார். பாவித்த ராம் வாங்குபவர்கள் பில்லை எறியாதீர்கள்.

மின்ட் ஏற்றும் முன்னம் செய்த ஒரு வேலையை நான் எல்லாருக்கும் சொல்லுவேன். பழைய டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி விட்டேன். பெட்டிக்குள் எஸ்எஸ்டி மட்டும். அப்படிச் செய்தால் பிழையான டிஸ்க்கை அழிக்க வழியே இல்லை, தொடக்க நிரலும் பழைய டிஸ்க்கில் போய் எழுதாது. ஏற்ற 14 நிமிடம் எடுத்தது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு கேபிளை மாட்டினேன். வழமையாகப் பெட்டியைப் போட்டால் மின்ட். எஃப்11-ஐத் தட்டினால் எது வேண்டும் என்று கேட்கும், அங்கே பழைய டிஸ்க்கைத் தெரிவு செய்தால் விண்டோஸ் 7.

இங்கே ஒரு இரவு வீணாகியது. எஸ்எஸ்டிக்கு நல்லது என்று போர்டின் அடிப்படை அமைப்பான பயோஸில், டிஸ்க்கோடு பேசும் முறையை ஐடிஇ என்ற பழையதில் இருந்து ஏஎச்சிஐ என்ற புதியதுக்கு மாற்றியிருந்தேன். மின்ட் பேசாமல் ஓடியது. விண்டோஸ் 7 நீலத் திரை காட்டி மறுபடி மறுபடி தொடங்கியது. டிஸ்க் செத்துவிட்டது என்றே நினைத்தேன். பயோஸைத் திரும்ப ஐடிஇக்கு மாற்றினால் உயிர் வந்தது. பிறகு விண்டோஸ் 7-க்குள் போய், ரெஜிஸ்ட்ரியில் எம்எஸ்ஏஎச்சிஐ என்ற பகுதியில் ஸ்டார்ட் மதிப்பு 3 என்று இருந்ததை 0 ஆக்கி, அதற்குப் பிறகு பயோஸை மாற்றினேன். சரி வந்தது. இந்தப் போர்டில் சாட்டா வேகம் செக்கனுக்கு 3 கிகாபிட்தான், ஆகவே எஸ்எஸ்டி உறையில் எழுதியிருந்த வேகத்தில் பாதிதான் கிடைக்கும். அளந்ததில் செக்கனுக்கு 262 மெகாபைட். பழைய டிஸ்க் 81. போதும்.

இன்னொன்று: மின்டில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னால் நின்றது. மின்ட் போர்டுக் கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இலங்கை நேரம் என்று நம்புகிறது. மின்டை உள்ளூர் நேரமே வைக்கச் சொன்னதும் தீர்ந்தது.

இனி எழுத்து. இதோடு ஒப்பிட்டால் கம்பியூட்டர் பக்கம் எல்லாம் ஒன்றுமே இல்லை.

யுனிகோட் என்பது எல்லாப் பெட்டியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கும் பொது முறை. பாமினி அது அல்ல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. அக்கா "அம்மா" என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசை தட்டுகிறார். எழுத்துரு இல்லாத பெட்டியில் அது அந்த ஐந்து குறியாகவே தெரியும். பாமினி கோப்பை எடுத்து மின்டில் போட்டதும், வேர்டுக்குப் பதிலாக அங்கே இருக்கும் லிப்ரே ஒஃபிஸில் பழைய வேர்ட் கோப்புகள் தமிழாகவே திறந்தன. எனக்குச் சந்தோஷம். அக்கா இருந்து புதிதாக ஒரு நினைவு அட்டை அடிக்கத் தொடங்கினார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பில் "அமரர்" என்று அடித்து இடைவெளி விட்டார். திரையில் "ஆமரர்".

அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி "ஆமரர்". "என்ட கை பிழைக்கல்ல தம்பி, பார்" என்று விசையைக் காட்டி மெதுவாகத் தட்டினார். அ சரியாகத்தான் விழுந்தது. இடைவெளி விட்டதும் ஆ ஆகியது. எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் அது. சின்ன எம் பாமினியில் அ. பெரிய எம் ஆ. ஆங்கிலத்துக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து அது எங்கள் சொல்லை மாற்றிக்கொண்டிருந்தது. 200 அட்டை அடித்து ஒரு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு தெரிந்திருந்தால்? துக்க வீட்டில் அந்தப் பிழையை எப்படித் திருத்துவது? தானியங்கித் திருத்தத்தில் இருந்த எல்லாக் கட்டத்திலும் சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். பிறகு அக்காவும் நானும் உயிரெழுத்துப் பன்னிரண்டையும் வரித் தொடக்கத்தில் ஒவ்வொன்றாக அடித்து, இடைவெளி விட்டுப் பார்த்தோம்.

பழைய கோப்புகளில் வரிகள் கொஞ்சம் நகர்கின்றன. ஒரு பக்க வினாத்தாள் இரண்டாம் பக்கத்துக்கு நாலு வரி வழிகிறது. கடிதங்களுக்கு அது பரவாயில்லை. நோட்டீஸுக்கும் வினாத்தாளுக்கும் விண்டோஸ் 7 பக்கம் போய், அங்கே பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு வருகிறோம். பேஜ்மேக்கர் கோப்புகள் எல்லாம் அங்கேதான். அவற்றை மின்டில் திறக்க நான் முயற்சியே செய்யவில்லை.

புதிதாக அடிப்பதை யுனிகோடில் அடிக்கப் பழக்கலாம் என்று தட்டச்சு யந்திர வரிசையில் அமைந்த ரெங்கநாதன் விசைப்பலகையையும் மின்டின் எழுத்து உள்ளீட்டு வசதியான ஐபஸில் சேர்த்து வைத்தேன். தட்டச்சு யந்திரத்தில் படித்த கை அக்காவுடையது. விரல் பெரும்பாலும் தடுமாறவில்லை. வட்ஸ்அப்பில் தமிழிலேயே பதில் எழுதியதும் முகம் மலர்ந்தது. இவ்வளவு காலம் அதில் இருந்து ஆங்கில எழுத்தில்தான் தமிழ் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிரிண்டர்தான் கடைசி மலை. அது பழைய சிறிய லேசர். அந்த வகைக்குத் தன் நினைவில் ஒன்றும் இல்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கம்பியூட்டர் ஒரு சிறு கோப்பை அனுப்பித்தான் அதை எழுப்ப வேண்டும். மின்ட் பிரிண்டரின் பெயரைச் சரியாகச் சொன்னது, "அச்சாகிறது" என்றும் சொன்னது, தாள் மட்டும் வரவில்லை. அந்தச் சிறு கோப்பு உரிமத்தின் காரணமாகத் தனியாக இறக்க வேண்டியது என்று கண்டுபிடிக்க இரண்டு இரவு. அதை இறக்கியதும் பிரிண்டர் உறுமியது. தாளும் வந்தது, ஆனால் அட்டையின் கீழ் ஓரம் வெட்டுப்பட்டு. மின்டை ஏற்றும்போது அமெரிக்க ஆங்கிலத்தைத் தெரிவு செய்திருந்தேன், அதனால் தாள் அளவு லெட்டர் என்று நின்றது. ஏ4 ஆக்கினேன். அப்படித்தான் நேற்று நாலரை மணித் தாள் வந்தது.

இப்போது பட்டனை அமத்தி 26 செக்கனில் டெஸ்க்டொப், இன்னும் 4 செக்கனில் பிரவுசர். பேட்டரி, ராம், எஸ்எஸ்டி, கேபிள், இணைப்பு, பேஸ்ட் எல்லாம் சேர்த்து 12,150 ரூபாய். யூபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி 5,800. அதையும் சேர்த்தால் 17,950.

விண்டோஸ் 7 பக்கம் இனி இணையம் இல்லை. அதன் நெட்வேர்க் கார்டை நிறுத்திவிட்டேன். 2020 ஜனவரி 14-க்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்றை வெளியே விடக்கூடாது. வெளியாரின் பென் ட்ரைவும் மின்டில் மட்டும்தான். அக்கா மறக்காமல் இருக்க மொனிட்டரின் ஓரத்தில் "7 = பழைய வேலை மட்டும்" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் யூபிஎஸ் பேட்டரி. பிறகு போர்டுப் பேட்டரி, ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்பேன். பிறகு முழு டிஸ்க்குக்கும் கொப்பி. ஒரு சதம் செலவழிக்கும் முன்னம் மின்டைப் பென் ட்ரைவில் இருந்தே ஓடவிட்டு, பிரிண்டர் தாள் தருகிறதா, பாமினி வருகிறதா என்று பார்ப்பேன். ஏற்றாமலே பார்க்க முடியும். எனக்கு அது தெரிந்திருந்தும் அவசரத்தில் செய்யவில்லை.

உங்கள் பெட்டி எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் இந்த வேலை எதுவும் வேண்டாம், நேரே 11-க்குப் போங்கள். அதற்கு முந்தியதில் உரிமத்தோடு விண்டோஸ் 10 நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்து 2026 ஒக்டோபர் 13 வரை ஓட்டலாம். 7-இல் நிற்பவர்களில் தமிழ் அச்சு வேலை செய்பவர்களுக்குத்தான் நான் சொல்வது பொருந்தும். அதை அழிக்காதீர்கள், அதோடு இணையத்துக்கும் போகாதீர்கள்.

நண்பனின் வெளி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னம் அக்காவுக்கு என்று சொந்தமாக ஒன்று வாங்கி அந்தப் படத்தை மாற்ற வேண்டும். குளிர்த்தி நோட்டீஸைப் பாமினியில் இருந்து யுனிகோடுக்கு மாற்றும் வேலை பாதியில் நிற்கிறது. இரட்டைக் கொம்பு வரும் இடங்களை அக்கா ஒவ்வொரு வரியாகப் பார்த்துக் கொண்டிருக்கிறார். வைகாசிக்கு இன்னும் மாதம் இருக்கிறது.